கொட்டேஷனில் உள்ள சொற்கள்: இன்டர்நெட் போன் பற்றி வாசகர் கேள்விகள்

அலுவலக போன்களை இன்டர்நெட்டுக்கு மாற்றுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரு கொட்டேஷன் நகலும் சேர்ந்தே வந்தது. விலை சரியா என்று கேட்டவர்கள் குறைவு. "இதில் எழுதியிருப்பது என்னவென்றே புரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது" என்று எழுதியவர்கள்தான் அதிகம். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டராக வேலையைத் தொடங்கியவள் நான். அப்புறம் இன்டர்காம் பெட்டி மாட்டும் தொழிலுக்கு வந்தேன். இந்தச் சொற்களை எனக்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கொட்டேஷனில் எந்தச் சொல் வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது என் அலுவலகத்தில் எங்கே இருக்கும்? இது நின்றுபோனால் யாருடைய பேச்சு நிற்கும்? விற்க வருகிறவர் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): எங்கள் பனியன் கம்பெனியில் நான்கு லேண்ட்லைன், பதினான்கு எக்ஸ்டென்ஷன். பழைய பெட்டி அடிக்கடி பழுதாகிறது. புதிய கொட்டேஷனில் ஐபி பிபிஎக்ஸ் 1, சிப் ட்ரங்க் 10 சேனல், டிஐடி 20, ஐபி போன் 14, பிஓஇ ஸ்விட்ச் 1 என்று போட்டிருக்கிறார்கள். எல்லாமே தேவையா மேடம்?

பதில்: உங்கள் பழைய பெட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் டெலிபோன் கம்பெனியின் நான்கு லைன்கள் வந்து சேரும். மறுபக்கத்திலிருந்து ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு ஜோடி வயர் போகும். எந்த எண்ணை அழுத்தினால் எங்கே மணி அடிக்க வேண்டும் என்று நடுவில் இருந்து பெட்டி முடிவு செய்யும். இந்த மாதிரிப் பெட்டிக்குத்தான் பிபிஎக்ஸ் என்று பெயர். ஐபி பிபிஎக்ஸ் செய்வதும் இதே வேலைதான். வயர் ஜோடிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள் வழியே செய்கிறது, அவ்வளவுதான். உள்ளே ஓடுவது ஒரு மென்பொருள். 1999-ல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சிறு நிறுவனத்துக்கு பிபிஎக்ஸ் வாங்கப் பணம் போதாமல் தானே எழுதியது ஆஸ்டரிஸ்க். அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் பல பெட்டிகளுக்குள் இன்றும் அதுதான் இருக்கிறது. அதனால் பெட்டியின் மேலே ஒட்டியிருக்கும் பெயரோடு நிற்காமல், உள்ளே என்ன மென்பொருள், அட்மின் பாஸ்வேர்டை நம் கையில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். பாஸ்வேர்டு அவர்களிடம் மட்டுமே இருந்தால், நாளை வேறொரு ஆளைக் கூப்பிட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் பெயரைக்கூட மாற்ற முடியாது.

சிப் (SIP) என்பது நெட் வழியே அழைப்பை இணைத்துவிடும் முறை. அந்த முறையில் வரும் சிப் ட்ரங்க் உங்கள் நான்கு லேண்ட்லைனுக்குப் பதிலாக வருவது. இன்டர்நெட் கேபிள் வழியாகவோ தனியாக இழுத்த ஃபைபர் வழியாகவோ வரும். முன்பு பெரிய கம்பெனிகள் பிஆர்ஐ என்று வாங்குவார்கள். ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். சிப் ட்ரங்கில் ஆறோ பத்தோ, தேவைக்கு ஏற்றபடி கேட்டு வாங்கலாம்.

அடுத்து சேனல், டிஐடி. எனக்கு வரும் கடிதங்களில் அதிகக் குழப்பம் இந்த இரண்டில்தான். சேனல் என்றால் ஒரே நேரத்தில் வெளியாருடன் எத்தனை பேச்சு நடக்கலாம் என்ற கணக்கு. டிஐடி என்றால் வெளியிலிருந்து நேராக ஒரு மேஜைக்கு அடிக்கக்கூடிய எண். 20 எண் வாங்கி 10 சேனல் வைத்திருந்தால், பதினோராவதாகக் கூப்பிடுகிறவருக்கு பிஸி டோன்தான் கேட்கும். உங்களிடம் எத்தனை எண் இருந்தாலும் பயனில்லை.

உங்களுக்கு எத்தனை சேனல் வேண்டும் என்பதை விற்பவர் சொல்லக் கூடாது, உங்கள் ரிசப்ஷன் நோட்டு சொல்ல வேண்டும். ஒரு வாரம் அங்கே ஒரு நோட்டு வையுங்கள். நான்கு லைனும் ஒரே சமயம் பிஸியாக இருக்கும்போதெல்லாம் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். மில்லில் நாங்கள் இப்படித்தான் எழுதி வைத்துக் கேட்டு, அடுத்த லைனை வாங்கினோம். ஷிப்மென்ட் நாட்களில் மட்டும் முட்டுகிறது என்றால் ஆறு சேனல் போதும் என்பது என் கணிப்பு. டிஐடியும் அப்படித்தான். வெளிநாட்டு பையர் நேராகக் கூப்பிடும் மெர்ச்சன்டைசர்களுக்கு வேண்டும், அக்கவுன்ட்ஸுக்கு ஒன்று வேண்டும். பேக்கிங் செக்‌ஷனுக்கு எதற்கு? ஐந்தாறு எண்ணோடு நிறுத்துங்கள்.

போன்களின் நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டிதான் பிஓஇ ஸ்விட்ச், அதைக் குறைக்க வேண்டாம். பிஓஇ என்பது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் முறை; 2003-ல் வந்த தரத்தின்படி கேபிள் செருகும் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை தரும். மேஜை போனுக்கு அது தாராளம். ஒவ்வொரு மேஜையிலும் அடாப்டர் தொங்காது, ஸ்விட்சுக்கும் பிபிஎக்ஸ் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் கொடுத்தால் கரண்ட் போனாலும் எல்லா போனும் வேலை செய்யும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால், இந்தக் கேபிளில் மாட்டும் ஐபி போன்களில் பிடியுங்கள். ஸ்டோர், பேக்கிங், வாட்ச்மேன் அறைக்கு உங்கள் பழைய போன்களே போதும். அவற்றை இணைக்கும் சின்னப் பெட்டி பற்றி அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி (காரைக்குடி வாசகி, கிளினிக் நடத்துகிறவர்): எங்கள் லேண்ட்லைன் எண் அப்பா காலத்திலிருந்து ஊருக்கே மனப்பாடம். கிளவுடுக்கு, அதாவது வேறெங்கோ இருக்கும் சர்வருக்கு, மாறினால் எண் மாறிவிடும் என்கிறார்கள். மொபைல் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறுகிறோமே, இதற்கு முடியாதா? எஃப்எக்ஸ்ஓ, எஃப்எக்ஸ்எஸ் என்று ஏதோ சொன்னார்கள், அதுவும் புரியவில்லை.

பதில்: எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி நம் நாட்டில் மொபைலுக்கு மட்டும்தான். லேண்ட்லைனுக்கு இல்லை. ஆனால் எண்ணை விடவும் வேண்டாம். அந்த ஒரு லைனை அப்படியே வைத்துக்கொண்டு, அது வந்து சேரும் இடத்தில், பழைய லைனை இன்டர்நெட் போனோடு இணைக்கும் ஒரு கேட்வே பெட்டியை வைக்கலாம்.

அந்தப் பெட்டியில்தான் நீங்கள் கேட்ட இரண்டு எழுத்தும் வருகின்றன. டெலிபோன் கம்பெனியின் லைனைச் செருகும் துளை எஃப்எக்ஸ்ஓ. சாதாரண போனைச் செருகும் துளை எஃப்எக்ஸ்எஸ். டயல் டோன் தருவதும் மணி அடிக்க வைப்பதும் அந்தத் துளைதான். உங்களுக்கு வேண்டியது ஒரு எஃப்எக்ஸ்ஓ. திருப்பூர்க்காரரின் பழைய போன்களுக்கு வேண்டியது எஃப்எக்ஸ்எஸ். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. கொட்டேஷனில் எது என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

செம்புக் கம்பி லைனை அதே கம்பெனி ஃபைபருக்கு மாற்றித் தருகிறேன் என்றால், பழைய எண்ணையே தருவீர்களா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும், அதனால்தான் ஊரே இருட்டில் கிடந்தாலும் அந்த போன் அடிக்கும். ஃபைபரில் அது கிடையாது. சுவரில் மாட்டும் ஃபைபர் மோடமும் ரவுட்டரும் அணைந்தால் போனும் அணையும். நீங்கள் நடத்துவது கிளினிக். அந்த இரண்டுக்கும் யுபிஎஸ் போடுவதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம் அம்மா.

கேள்வி (ராமேஸ்வரம் வாசகர்): எங்கள் லாட்ஜில் இருபத்தெட்டு அறை. கொட்டேஷனில் "டயல் பிளான் ப்ரோக்ராமிங்" என்று தனியாக ஒரு தொகை. பெட்டி விலையிலேயே இது அடங்காதா?

பதில்: தொகையைப் பேசிக் குறையுங்கள், ஆனால் அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். எந்த எண்ணை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று பெட்டிக்கு எழுதித் தரும் விதிகள்தான் டயல் பிளான். ரிசப்ஷனுக்கு 9, வெளியே பேச 0, அறைக்கு அறை எண் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில், மார்ஷல் என்ற ஊரின் ஒரு மோட்டலில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். கூட இருந்த ஒன்பது வயது மகள் அறை போனிலிருந்து அவசர எண் 911-ஐ அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். அழைப்பு போகவே இல்லை. அந்த போனில் வெளியே பேச முதலில் 9 அழுத்த வேண்டும். குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அவள் அம்மா இறந்துபோனார். அதற்குப் பின் அங்கே கேரி சட்டம் என்று ஒன்று வந்தது. 2020 பிப்ரவரியிலிருந்து, புதிதாக நிறுவப்படும் அலுவலக, ஹோட்டல் போன் அமைப்புகளில் முன்னால் எந்த எண்ணும் சேர்க்காமல் 911 போக வேண்டும். சட்டம் நம் ஊருக்கானது இல்லை, ஆனால் அறை போன் எங்கேயும் ஒரே மாதிரிதான். உங்கள் லாட்ஜுக்கு வரும் யாத்திரிகர்களில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது. போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துவிட்டு அவசரத்துக்கு 0 சேர்ப்பார்கள் என்று நம்ப முடியாது.

இதில் லாட்ஜுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் முதல் மாடி அறைகளின் எண்கள் என்ன? 101-ல் தொடங்கும் என்றுதான் நினைக்கிறேன். 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 எல்லா அவசரத்துக்குமான எண். அறை எண்ணையே எக்ஸ்டென்ஷனாக வைத்தால், நெஞ்சு வலியில் ஒருவர் 108 அழுத்தும்போது பக்கத்து அறையில் மணி அடிக்கும். நான் வேலை பார்த்த எந்த லாட்ஜிலும் இதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். எக்ஸ்டென்ஷன்களை நான்கு இலக்கமாக்குங்கள். அறை 108-க்கு 2108 என்று வையுங்கள். 100, 101, 108, 112 நான்கும் 0 இல்லாமல் நேராக வெளியே போகட்டும். அவற்றை யாராவது அழுத்தினால் எந்த அறையிலிருந்து என்று ரிசப்ஷன் போனிலும் காட்டச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்ததும் எந்த மாடி என்று தேடக் கூடாது. வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு அறையிலிருந்து 108-ஐ அழைத்து, சோதனை அழைப்பு என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு வையுங்கள். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகை என்றால் அது நியாயமான தொகை.

கேள்வி (நாமக்கல் வாசகர், லாரி புக்கிங் அலுவலகம்): 100 எம்பி நெட் போட்டிருக்கிறோம். ஆனாலும் பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது. கேட்டால் "ஜிட்டர்" என்கிறார்கள், "கோடெக்" மாற்றச் சொல்கிறார்கள், கடைசியில் 200 எம்பி வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: 200 வாங்காதீர்கள். குரலை எண்களாக மாற்றி, மறுமுனையில் மறுபடி குரலாக்கும் முறைதான் கோடெக். எல்லாப் பெட்டியிலும் இருப்பது ஜி.711; 1972-லேயே தரமாக்கப்பட்டது, லேண்ட்லைன் போலத் தெளிவாகக் கேட்கும். அது குரலை விநாடிக்கு 50 பொட்டலமாக அனுப்புகிறது. மேலே ஒட்டும் முகவரிகளையும் சேர்த்தால் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட். பத்து பேர் சேர்ந்து பேசினாலும் ஒரு எம்பிகூட ஆகாது. ஜி.729 என்ற கோடெக்கில் இதுவும் மூன்றில் ஒரு பங்காகும். நெட் மெதுவாக உள்ள ஊர்களுக்கு அது உதவும், உங்களுக்குத் தேவையில்லை.

உங்கள் சிக்கல் பொட்டலம் நேரத்துக்கு வராதது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டிய டவுன் பஸ் அரை மணி நேரம் வராமல் இருந்து, அப்புறம் மூன்றாகச் சேர்ந்து வருமே, அதுதான் ஜிட்டர். லேட்டன்சி என்பது பொட்டலம் போய்ச் சேர எடுக்கும் நேரம். ஒரு திசையில் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேசுகிறவர்களுக்கு உறுத்தாது. பாக்கெட் லாஸ் என்பது வராமலே போனவை.

இவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும். உங்கள் யார்டு கேமராக்கள் காட்சியை கிளவுடுக்கு ஏற்றுகின்றனவா? ஒரு மதியம் கேமரா ரெக்கார்டரின் நெட் கேபிளை மட்டும் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். பேச்சு தெளிந்தால் விடை கிடைத்துவிட்டது. ரவுட்டரில் க்யூஓஎஸ் என்று ஒரு அமைப்பு உண்டு, போன் பொட்டலங்களை முதலில் போக விடும். அதைப் போடச் சொல்லுங்கள். மேஜை போன்களை வைஃபையில் ஓட்டாமல் கேபிளில் மாட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, மறுபக்கம் மௌனம் என்றால் அது வேறு நோய்: ரவுட்டரில் "சிப் ஏஎல்ஜி" என்று இருக்கும், அதை அணைத்துப் பாருங்கள். நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி (சேலம் வாசகர்): கிளவுட் பிபிஎக்ஸ் நல்லதா, பெட்டி வாங்கி வைப்பது நல்லதா? ஐவிஆர் என்றால் என்ன?

பதில்: கிளவுட் என்றால் அதே பெட்டி வேலையை வேறெங்கோ ஒரு சர்வர் செய்யும், நீங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை தருவீர்கள். ஏழெட்டுப் பேர், அதில் பாதிப் பேர் வெளியே சுற்றுகிறவர்கள் என்றால் கிளவுட். அலுவலகத்தில் நெட் போனாலும் வரும் அழைப்பை மொபைல்களுக்குத் திருப்பிவிடும். அறுபது எக்ஸ்டென்ஷன், பேச்சில் பெரும்பகுதி உள்ளுக்குள்ளேயே என்றால் பெட்டி. நெட் போனாலும் ஸ்டோரும் ஷெட்டும் பேசிக்கொள்ளும். வாடகையை ஐந்து வருடத்துக்குப் பெருக்கி, பெட்டி விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐவிஆர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். "விற்பனைக்கு 1 அழுத்தவும்" என்று சொல்லும் குரல் அது. அதற்குப் பின்னால் ஹன்ட் குரூப் வேண்டும், அதாவது ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு மணி அடிப்பது. க்யூ என்பது எல்லாரும் பேசிக்கொண்டிருந்தால் வரிசையில் காக்க வைப்பது. சின்ன அலுவலகத்துக்கு ஒரு அடுக்கு ஐவிஆர் போதும். எந்த இடத்தில் நின்றாலும் 0 அழுத்தினால் ஒரு மனிதர் எடுக்க வேண்டும், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (கோவை வாசகர்): தம்பி துபாயில் இருக்கிறான். அங்கிருந்து வரும் கால்களை நெட்டில் கொண்டுவந்து, இங்கே சிம் போட்ட பெட்டி வழியே லோக்கல் காலாக மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செலவு மிகவும் குறைவு.

பதில்: செய்யவே செய்யாதீர்கள். அது சிம் பாக்ஸ், சட்ட விரோதம். போலீஸ் கேஸ் ஆகும், பெட்டி உங்கள் இடத்தில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 2002 ஏப்ரலில் நம் நாட்டில் இன்டர்நெட் டெலிபோனிக்கு அனுமதி வந்தபோதும், உள்நாட்டு போன்களுடன் இணைக்க அனுமதி இல்லை. 2018-ல்தான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் நெட் வழியே எண்ணோடு கூடிய சேவை தரலாம் என்று தொலைத்தொடர்புத் துறை வழி திறந்தது. அமீரகத்திலும் இன்டர்நெட் போன் உரிமம் பெற்ற சேவைகள் வழியேதான். தம்பியுடன் பேச உரிமம் உள்ள சேவையை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி (மதுரை வாசகி): ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் அலுவலகம் பூட்டியிருந்தது. அன்று பெயரே கேள்விப்படாத நாடுகளுக்கு எங்கள் எண்ணிலிருந்து கால் போனதாக பில் வந்திருக்கிறது. எப்படி?

பதில்: மனது கஷ்டமாக இருக்கிறது, உங்களைப் போல வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு போனும் பெட்டியிடம் தன் எக்ஸ்டென்ஷன் எண்ணையும் பாஸ்வேர்டையும் சொல்லிப் பதிவு செய்துகொள்ளும், இதுதான் ரெஜிஸ்ட்ரேஷன். சிப் பேச்சு வழக்கமாக நடக்கும் கதவு எண் 5060. உலகம் முழுவதும் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று இருந்தால் நிமிடத்தில் திறந்துவிடும். திறந்தவர்கள் நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் உள்ள வெளிநாட்டு எண்களுக்கு விடாமல் அழைப்பார்கள். அந்தக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. விடுமுறை இரவைத் தேர்ந்தெடுப்பது யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான்.

இன்றே ஐஎஸ்டியை மூடச் சொல்லுங்கள். தேவைப்படும் எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும், தேவைப்படும் நாட்டுக்கு மட்டும் திறக்கலாம். எல்லா பாஸ்வேர்டையும் நீளமாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் மாற்றுங்கள். தவறான பாஸ்வேர்டு சில முறை வந்தால் அந்த முகவரியைத் தடுக்கும் வசதி பெட்டியில் இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் கால் போகக் கூடாது என்று சேவை நிறுவனத்திடம் வரம்பு வைக்கலாம். பெட்டியின் கால் ரெக்கார்டை இப்போதே நகல் எடுத்து, போலீஸ் சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். போனில் மட்டும் பேசி விட்டுவிட வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): வங்கிக்குப் போன் செய்து "1 அழுத்தவும்" என்றதும் அழுத்தினால், எங்கள் புதிய ஐபி போனிலிருந்து எடுத்துக்கொள்வதே இல்லை. மொபைலில் சரியாக இருக்கிறது. போனை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். பட்டனை அழுத்தும்போது கேட்கும் சத்தத்துக்கு டிடிஎம்எஃப் என்று பெயர். 1-ஐ அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும். கோடெக் குரலைச் சுருக்கும்போது அந்த ஒலி சிதைந்தால் மறுமுனைக்குப் புரியாது. அதனால் ஒலியாக அனுப்பாமல், "இன்ன பட்டன்" என்ற தகவலாகவே அனுப்பும் முறை உண்டு. போன், பிபிஎக்ஸ், சிப் ட்ரங்க் மூன்றிலும் டிடிஎம்எஃப் என்ற இடத்தில் ஆர்எஃப்சி 2833 அல்லது 4733 என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் "இன்பேண்ட்" என்று மாறிக் கிடக்கும். ஏஎம்சி (வருடப் பராமரிப்பு) எடுத்தவரே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், இதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் தராதீர்கள்.